மூவாயிரத்தில் முள்

காலை ஐந்தே முக்காலுக்கு என் மாமனார் ஷூ மாட்டிக்கொள்வார். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து போய்வரும் ஒருவருக்கு ஷூ எதற்கு என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை. லேஸின் இரண்டு காதுகளும் ஒரே அளவில் வரும்வரை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டுவார். நான் கார் சாவிக்காக ஹாலில் நின்றுகொண்டிருப்பேன்.

நல்ல மனிதர். அதை முதலிலேயே சொல்லிவிடுவது முறை. என்னை ஒருநாளும் 'நீ' என்று சொன்னதில்லை. வாங்க மாப்பிள்ளை, உக்காருங்க மாப்பிள்ளை, அதுல உங்களுக்கு அனுபவம் பத்தாது மாப்பிள்ளை. கல்யாணமான நாளிலிருந்து பதினோரு வருடம் அவர் வீட்டில் இருந்தேன், அவர் கடையில் வேலை பார்த்தேன். குளியலறைச் சாமான்கள் விற்கும் கடை. குழாய், தொட்டி, டைல்ஸ். அதற்கு முன் ஒரு கட்டட நிறுவனத்தில் வரைபடம் போட்டுக்கொண்டிருந்தேன். மாமியார் தவறிப்போன வீடு, மகள் கொஞ்ச நாள் கூடவே இருக்கட்டும் என்றுதான் அப்போது பேச்சு. ஒரு வருடம் என்று சொன்ன நினைவு.

கடையில் என்னை மாப்பிள்ளை சார் என்பார்கள். கல்லாவில் அவர். எனக்கு, கோடவுனுக்குப் போகும் வழியில் ஒரு மேஜை. அதன் மேல் டைல்ஸ் மாதிரிகளை அடுக்கி வைத்திருப்பார்கள். காலையில் அவற்றை நகர்த்திவிட்டு உட்காருவேன். மாலையில் பழைய இடத்திலேயே வைத்துவிட்டு எழுந்திருப்பேன்.

வீட்டில் எங்கள் படுக்கையறைக்கும் அவருடையதற்கும் ஒரே சுவர். நேரம் கழித்து விளக்கு எரிந்தால் மோதிரத்தால் ஒரு தட்டு வரும். டொக். எழுந்துபோய் அணைப்பேன். வாசல் கேட் சாவி அவரிடம்தான். எனக்கும் ஒன்று போட்டுக்கொள்கிறேனே என்று ஒருமுறை கேட்டேன். "நான் வீட்லதானே மாப்பிள்ளை இருக்கேன், பெல் அடிச்சா திறக்க மாட்டேனா?" என்றார். திறக்காமல் இருந்ததில்லை. எத்தனை நேரமானாலும் சட்டை போட்டுக்கொண்டு வந்து திறப்பார்.

கை நடுக்கம் அதிகமாகி, இனி வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொன்ன அடுத்த மாதம் அவர் அந்தக் காரை வாங்கினார். சாதாரணக் கார் இல்லை. பந்தயத்துக்கு வண்டி செய்கிற கம்பெனி, தெருவிலும் ஓட்டிக்கொள்ளலாம் என்று விற்பது. ஈய நிறம். பக்கத்தில் நின்றால் கூரை நம் இடுப்புக்கு வரும். காலை முதலில் உள்ளே விட்டு, பிறகு உடம்பை நழுவவிட வேண்டும். அவர் வயதில் உட்காருவது ஒரு மாதிரி முடிந்துவிடும். எழுந்திருக்க ஆள் வேண்டும். நான் போய்க் கதவைத் திறந்து இரண்டு கையும் நீட்டினால்தான் அவரால் வெளியே வர முடியும். அதைக் கேட்க மட்டும் அவருக்குக் கூச்சம். கேட்க மாட்டார். கையை நீட்டிக்கொண்டு முன்னால் பார்த்தபடி இருப்பார்.

புது என்ஜினைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் மற்றது விளங்காது.

புது என்ஜினுக்குள் இருக்கும் பாகங்களுக்கு ஒன்றோடொன்று பழக்கமில்லை. உரசி உரசித்தான் ஒன்றின் வளைவுக்கு மற்றது படியும். அதுவரை விரட்டக் கூடாது. ஒரே வேகத்திலும் வைத்திருக்கக் கூடாது. ஏற்ற வேண்டும், இறக்க வேண்டும், மறுபடி ஏற்ற வேண்டும். கிளப்பியவுடன் எடுக்கக் கூடாது, எண்ணெய் சூடாகும்வரை காத்திருக்க வேண்டும். போய்ச் சேர்ந்ததும் அணைக்கவும் கூடாது. டர்போ என்று ஒரு பாகம் நெருப்பாக இருக்கும். சும்மா ஓடவிட்டு, அது ஆறின பிறகு அணைக்க வேண்டும். காரோடு வந்த புத்தகத்தில் இவையெல்லாம் இருக்கின்றன. ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர்வரை இப்படி.

புத்தகம் சொன்னது அவருக்குப் போதவில்லை. "அவங்க நாலாயிரம் போட்டிருக்காங்க. நமக்கு மூவாயிரம். வேகம் எண்பது. அதுக்கு மேல நமக்கு வேணாம்" என்றார். தினமும் காலையில் கிளம்பி, ஊரைச் சுற்றிப் போகும் புறவழிச் சாலையில் ஏரிக்கரைவரை போய்த் திரும்புவோம். அவர் கண் சாலையில் இருக்காது. என்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் முள்ளில் இருக்கும். முள் மூவாயிரத்தை நெருங்கினாலே மோதிரம் டாஷ்போர்டில் விழும். டொக்.

"முள்ளப் பாருங்க மாப்பிள்ளை."

பார்ப்பேன். எண்பது வந்ததும் நாற்பதுக்கு இறக்குவேன். நாற்பதிலிருந்து மெதுவாக எண்பது. கோடி ரூபாய்க் காரைப் பால் வண்டிகள் ஹாரன் அடித்து முந்திக்கொண்டு போகும். ஒருநாள் மொபெட்டில் போன ஒருவன் ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்து, "தள்ளிவிடணுமா அண்ணே?" என்று கேட்டான். மாமனார் ரசித்துச் சிரித்தார். கட்டுப்பாடு என்றால் என்னவென்று அவனுக்கு என்ன தெரியும் என்றார்.

உறவுக்காரர்கள் கார் பார்க்க வந்தபோது அவர் ஒன்று சொன்னார். பிறகு யார் வந்தாலும் அதைச் சொல்ல ஆரம்பித்தார்.

"புது என்ஜினும் வீட்டோட மாப்பிள்ளையும் ஒண்ணு. ஆரம்பத்துல அடக்கி ஓட்டிட்டா, ஆயுசுக்கும் சத்தம் வராது."

எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவி தட்டு எடுத்துக்கொண்டு வந்தவள், சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். நன்றாகத்தான் சொல்லியிருந்தார். அன்று இரவு அவளிடம், எல்லார் முன்னாலும் அப்படிச் சொல்ல வேண்டுமா என்று கேட்டேன். "வயசானவரு, ஏதோ பேசுறாரு. உங்களுக்கு என்ன குறைஞ்சு போச்சு?" என்றாள். யோசித்துப் பார்த்தேன். குறைந்துபோனது எதையும் சட்டென்று எடுத்துச் சொல்ல வரவில்லை. சுவரில் மோதிரம் தட்டியது. விளக்கை அணைத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் பழைய நண்பன் ஒருவன் கூப்பிட்டான். வேறு ஊரில் சொந்தமாக அலுவலகம் ஆரம்பித்திருந்தான். வரைபடம் போட ஆள் வேண்டும், உன் கை எனக்குத் தெரியும், குடும்பத்தோடு வந்துவிடு என்றான். அவன் பேசி முடித்த பிறகும் நான் கோடவுனில் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே நின்றுகொண்டே இருந்தேன். பேனாவை எடுத்து ஒரு பெட்டியின் மேல் கோடு ஒன்று இழுத்துப் பார்த்தேன். நேராக வந்தது.

மனைவியிடம் சொன்னேன். அப்பா சரி என்றால் வருகிறேன் என்றாள். மாமனாரிடம் காரில் வைத்துச் சொன்னேன். அவர் முள்ளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வண்டி ஆயிரத்தைந்நூறு ஓட்டம் முடியட்டும் மாப்பிள்ளை. அப்புறம் உக்காந்து பேசுவோம்" என்றார்.

ஆகவே நான் வண்டி ஓட்டத்தை முடிப்பதில் கவனமாக இருந்தேன். அதை என் விடுதலைப் பத்திரம்போல நினைத்தேன் என்றாலும் தப்பில்லை. ஒரு கிலோமீட்டரைக்கூட அவர் செல்லாது என்று சொல்லிவிடக் கூடாது. பிறகு மோதிரம் தட்ட வேண்டிய அவசியமே அவருக்கு வரவில்லை. "இப்பதான் உங்களுக்கு நிதானம் வந்திருக்கு" என்றார்.

இனி அந்தக் காலைக்கு வருகிறேன்.

ஏரிக்கரையில் எப்போதும்போல வண்டியை நிறுத்தினோம். கை கொடுத்து எழுப்பிவிட்டேன். அவர் கரைமேல் நடக்கப் போவார். யாரும் தொட்டுவிடாமல் நான் காருக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். அங்கே ஒரு வேனில் டீ விற்பார்கள். டீக் கோப்பையோடு காரின் அருகே நிற்கக் கூடாது என்பதால் நான் டீ குடிப்பதில்லை. அன்று பனி. என்ஜின் நன்றாக ஆறிவிட்டது.

நடக்கக் கிளம்புமுன் அவர் திரும்பி வந்து சொன்னார். மறந்ததை நினைத்துக்கொண்டதுபோலத்தான் சொன்னார்.

"உங்க ஃப்ரெண்டு நம்பர் நம்ம பொண்ணுகிட்ட வாங்கினேன். நானே பேசிட்டேன். மாப்பிள்ளைக்கு இங்கயே நிறைய வேலை இருக்கு, வேற ஆளப் பாத்துக்கங்கன்னு சொல்லிட்டேன். நல்ல பையன். புரிஞ்சுக்கிட்டான்."

சரி மாமா என்றேன்.

எனக்குக் கோபம் வரவில்லை. நீங்கள் அப்படித்தான் நினைப்பீர்கள் என்பதால் சொல்கிறேன். கோபத்தில் செய்கிறவன் அவசரப்படுவான். நான் துணியை எடுத்து முன் கண்ணாடியில் படிந்திருந்த பனியைத் துடைத்தேன்.

அவர் திரும்பி வந்தபோது முகம் வேர்த்திருந்தது. இடது தோளை வலது கையால் பிடித்திருந்தார். நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது, ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம் என்றார். உட்கார வைத்தேன். பெல்ட்டையும் நானே போட்டுவிட்டேன். அந்தக் காரில் கிளம்பியவுடன் கதவுகள் தாமாகப் பூட்டிக்கொள்ளும். கூடுதலாகக் கொடுத்து அவர் கேட்டு வாங்கிய வசதி.

என்ஜினைக் கிளப்பினேன். எண்ணெயின் சூட்டைக் காட்டும் முள் நீலக் கோட்டுக்குக் கீழே கிடந்தது. இருவரும் அதைப் பார்த்தோம். அவரும் பார்த்தார் என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அத்தனை வலியிலும் அவர் கண் முதலில் அங்கேதான் போனது. அப்புறம் கிளம்புங்க என்றார்.

"இன்னும் சூடாகலை மாமா."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் முள்ளைப் பார்த்தேன். அது மெதுவாக எழுந்து கோட்டைத் தொட்ட பிறகு எடுத்தேன்.

ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கலாமே என்பீர்கள். டீ வேன்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என் போன் சட்டைப் பையில்தான் இருந்தது. ஆனால் வண்டியில் போன் பேசக் கூடாது. இது புத்தகத்தில் இல்லை, அவர் சொன்னது.

புறவழிச் சாலை காலியாக இருந்தது. எண்பதுவரை மெதுவாக ஏற்றினேன். நாற்பதுக்கு இறக்கினேன். மறுபடி எண்பது. முதல் தடவை இறக்கியபோது அவர் முன்னால் ஏதோ தடை என்று நினைத்து எட்டிப் பார்த்தார். எதுவும் இல்லை. இரண்டாவது தடவை இறக்கியபோது அவருக்குப் புரிந்துவிட்டது. மூச்சு விட்டு விட்டு, வேகமா போங்க மாப்பிள்ளை என்றார். மூவாயிரத்துக்கு வந்துவிட்டது மாமா என்றேன். அப்போது ஒரு பால் வண்டி ஹாரன் அடித்து எங்களை முந்திப் போனது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாலத்துக்கு முன்னால் ஊருக்குள் போக ஒரு வழி பிரியும். பாதித் தூரம். ஆனால் நின்று நின்று போக வேண்டும். பிரேக் அழுத்தி அழுத்தி ஓட்டுவது புது வண்டிக்கு ஆகாது. நான் நேராகப் போனேன்.

அங்கே அவர் கதவின் கைப்பிடியை ஒருமுறை இழுத்தார். திறந்திருந்தாலும் என்ன செய்திருப்பார் என்று தெரியவில்லை. பிறகு மோதிரக் கையைத் தூக்கி டாஷ்போர்டில் வைத்தார். தட்டவில்லை. நான் நாற்பதுக்கு இறக்கிக்கொண்டிருந்தேன்.

"அழுத்துடா" என்றார். "டேய். அழுத்துடா."

பதினோரு வருடத்தில் முதல் தடவை. எனக்கு வருத்தமாக இல்லை. ஏதோ ஒன்று நெருங்கி வந்ததுபோல இருந்தது. சரியாகச் சொன்னால், அந்த ஒரு நிமிடம் அவரை எனக்குப் பிடித்திருந்தது. திரும்பி, "ஆரம்பத்துல அடக்கி ஓட்டணும் மாமா" என்றேன். சொல்லும்போது என் குரல் மரியாதையாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில், அவசர சிகிச்சைப் பிரிவின் கூரைக்குக் கீழே நிறுத்தினேன். டர்போ ஆற வேண்டும். ஓடவிட்டபடி உட்கார்ந்திருந்தேன். உள்ளே கண்ணாடிக் கதவுக்கு அப்பால் ஒரு நர்ஸ் எதையோ மடித்துக்கொண்டிருந்தது தெரிந்தது. கூப்பிட்டால் கேட்கும் தூரம். மாமனாரின் முகம் என் பக்கம் சாய்ந்திருந்தது. கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்தாரா என்று சொல்லத் தெரியவில்லை. எவ்வளவு நேரம் ஓடவிட வேண்டுமோ அவ்வளவு நேரம் ஓடவிட்டேன். பிறகு அணைத்தேன். இறங்கிப் போய்க் கதவைத் திறந்து, பழக்கத்தில் இரண்டு கையையும் நீட்டினேன்.

வந்து பார்த்த டாக்டர் சின்னப் பெண். கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருந்தால் என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். என் மனைவி வந்தாள். முடிந்த அளவு ஓட்டினேன் என்றேன். அவள் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, "உங்க கையிலயாவது போனாரே" என்று அழுதாள். அவளை நான் நன்றாகப் பார்த்துக்கொண்டேன். வேண்டியவர்கள் எல்லாரும் வந்தார்கள். மாப்பிள்ளை என்றால் இப்படி இருக்க வேண்டும் என்றார்கள்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். வரிசையாகச் சொன்னால் அது முன்பே வந்திருக்க வேண்டும்.

கார் எடுத்த அன்று ஷோரூமில் மெக்கானிக் எங்களிடம் எல்லாவற்றையும் விளக்கினார். மாமனார் மூவாயிரம், எண்பது என்று ஆரம்பித்ததும் அவர் சிரித்துவிட்டார். "அவ்வளவெல்லாம் வேண்டாம் சார். இப்ப வர்ற என்ஜின் எல்லாத்தையும் தாங்கும். ஒரு அவசரம்னா அழுத்துங்க, ஒண்ணும் ஆகாது" என்றார். மாமனார் அப்போது போனில் பேசத் திரும்பிவிட்டார். மெக்கானிக் இதைச் சொன்னது என்னைப் பார்த்து.

எனவே எனக்குத் தெரியும். ஏரிக்கரையில் தெரியும், பாலத்தில் தெரியும், அந்தக் கூரைக்குக் கீழேயும் தெரியும். என்ஜினுக்காக அவரைச் சாகவிட்டேன் என்று யாராவது சொன்னால் அது சரியில்லை. என்ஜினுக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

இருந்தாலும் அவர் சொன்னபடிதான் ஓட்டினேன். அதில் குறை கண்டுபிடிக்க முடியாது.

காரியங்கள் முடிந்ததும் நண்பனைக் கூப்பிட்டேன். வேறு ஆள் எடுத்தாகிவிட்டது என்றான். பரவாயில்லை, வேறு இடம் பார்க்கலாம், இனி யாரைக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். மனைவி கல்லாவில் உட்காரத் தொடங்கினாள். கடையை விட்டுவிட்டு எங்கே போவது என்றாள். கேட் சாவி அவள் கைப்பையில் இருந்தது. என் மேஜையில் டைல்ஸ் மாதிரிகள் இருந்தன.

காரை விற்றுவிடலாம் என்றேன்.

"அப்பா ஆரம்பிச்சத முடிச்சிடுவோம். இன்னும் கொஞ்சம்தானே பாக்கி" என்றாள்.

ஆகவே காலையில் ஷூ மாட்டிக்கொண்டு அவள் வந்தாள். அவர் இருக்கையில் உட்கார்ந்தாள். அவருடைய மோதிரத்துக்கு நூல் சுற்றி அளவாக்கி விரலில் போட்டிருந்தாள். வண்டியைப் பற்றி அவளுக்கு எதுவும் தெரியாது. அப்பா சொல்லிக் கேட்டது மட்டும்தான். மூவாயிரம், எண்பது. முள் நெருங்கினால் தட்டுவாள். டொக். "அப்பாவுக்குப் பிடிக்காதுங்க" என்பாள். புது வண்டி என்றால் இவ்வளவுதான் போகும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அன்று அவ்வளவு நேரம் ஆனதும் அதனால்தான் என்று.

கிலோமீட்டர்க் கணக்கு முடிந்தது. ஷோரூமில் எண்ணெய் மாற்றிக் கொடுத்தார்கள். இனி எந்தக் கட்டுப்பாடும் இல்லை என்றார் மெக்கானிக். நேற்றுக் காலை அவளை ஏரிக்கரைக்குக் கூட்டிப்போனேன். திரும்பும்போது அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அப்பா ஆசைப்பட்டது என்னன்னு பாப்போம். ஓட்டுங்க" என்றாள்.

அழுத்தினேன். நானும் அதுவரை அழுத்தியதில்லை. இருக்கை முதுகைப் பிடித்துத் தள்ளியது. முள் மூவாயிரத்தைத் தாண்டி, நாலாயிரத்தைத் தாண்டி எங்கோ போனது. மரங்கள் ஒன்றாகிவிட்டன. அவள் சின்னப் பெண்போலச் சிரித்தாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. நானும் சிரித்திருப்பேன். நன்றாக இருந்தது. மெக்கானிக் சொன்னதுபோலத்தான் இருந்தது. பாலம் வந்தது, போனது.

ஆஸ்பத்திரியின் பலகை தெரிந்தபோது அவள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். அதைப் படித்தாள். திரும்பிப் பின் கண்ணாடி வழியாக வந்த சாலையைப் பார்த்தாள். சிரிப்பு நிற்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

நிறுத்துங்க என்றாள். ஓரமாக நிறுத்தினேன். டர்போ ஆற வேண்டும் என்பதால் என்ஜினை அணைக்கவில்லை. அவள் மோதிரக் கை டாஷ்போர்டில் இருந்தது.

"ஏங்க," என்றாள். "அன்னைக்கும் இதே கார்தானே?"